ஆவுடை என்று ஒரு புழு

இல்லை தாயி, இதை மேலே வைக்க முடியாது. கீழேயும் போட முடியாது. மடியில்தான் இருக்கணும். உன் சேலையில் ஒண்ணும் ஒட்டாது, பயப்படாதே. சுத்தமான விளக்குமாறு. இதை வச்சுப் பெருக்கி ரொம்ப நாளாச்சு.

சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் சிரிச்சாச்சு. மீதிப் பேர் சாமி வந்த பொம்பளைன்னு நினைச்சு வழி விட்டாங்க. அதனால்தான் இந்த ஜன்னல் சீட்டு கிடைச்சது, நான் குறை சொல்ல மாட்டேன். கண்டக்டர் தம்பி மட்டும், "ஆச்சி, வெளக்குமாத்துக்கும் சேத்து டிக்கெட் போடவா?"ன்னு கேட்டான். "போடுப்பா, அதுக்கும் ஒரு பேரு இருக்கு"ன்னேன். அதுக்கப்புறம் அவன் இந்தப் பக்கமே வரல.

தென்காசிக்குப் போறேன். தம்பி வீட்டுக்கு. கோவிச்சுக்கிட்டுத்தான் போறேன், ஒளிக்க என்ன இருக்கு. ஆமா, இந்த வயசில்தான். சின்ன வயசில் கோவிச்சுக்கிட்டுப் போக எனக்கு எங்கே நேரம் இருந்தது? அடுப்பு, மாடு, பிள்ளைங்க. இப்பத்தான் சாவகாசமாக் கோவிச்சுக்க முடியுது.

இரு, துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டுறேன். மெதுவா. அது மேல மூச்சு விடாதே. தெரியுதா? கட்டுக்குப் பக்கத்தில், ஈர்க்கோட ஈர்க்கா. காய்ஞ்ச இலை இல்லை, நல்லாப் பார். வாலை ஊணிக்கிட்டு, இடுப்பைச் சுத்தி ஒரு நூலைக் கட்டிக்கிட்டு, பனையேறி மரத்தில் சாஞ்சு நிக்கிற மாதிரி நிக்குது பாரு. கூட்டுப்புழு. அதுக்குப் பேரு ஆவுடை.

எனக்கும் பேரு ஆவுடைதான். சண்டையே அதிலதான்.

எங்க வீட்டுக்காரர் பேரை நான் சொல்ல மாட்டேன். சங்கரன்கோவில் சாமி பேருன்னு வச்சுக்கோ. எனக்கு அந்தக் கோவில் அம்மன் பேரு. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்குப் பெரியவங்க எல்லாம், "சாமியும் அம்மனுமா அமைஞ்சிருக்கு, வேற என்ன பொருத்தம் வேணும்?"னு எங்க வீட்டில் கை நனைச்சுட்டாங்க. பேரைப் பார்த்துத்தான் என்னைக் கட்டிக்கிட்டார். கட்டினவர் அந்தப் பேரை ஒரு நாளாவது சொல்லணுமே.

எங்க பக்கத்து ஆம்பளைங்க யாருமே பெண்டாட்டி பேரைச் சொல்றதில்லை, சரி. 'இந்தா'ம்பாங்க, 'ஏளா'ம்பாங்க. அதையாவது வாயைத் திறந்து சொல்லுவாங்க. இவர் பஞ்சாலையில் நூல் மிஷின் ஓட்டினவர். நீ பஞ்சாலைக்குள்ள போயிருக்கியா? பக்கத்தில் நிக்கிறவன் காதுக்குள்ள கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லாமே கைஜாடைதான். மீசையை முறுக்கினா மேஸ்திரி வர்றான்னு அர்த்தம். காதைப் பொத்தினா சங்கு ஊதப் போகுது. அப்படியே பழகின மனுஷன் வீட்டுக்கு வந்தும் அதையே செஞ்சார். விரலைக் குவிச்சா சோறு. கட்டைவிரலை வாயில் சாய்ச்சா தண்ணி. நாக்கைத் தொட்டுக் கையை உதறினா உப்பு ஜாஸ்தி. என்னைக் கூப்பிடணும்னா உள்ளங்கையில் ஒரு தட்டு. மூத்த மகள் பிறந்தப்போ ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னார், பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், ஷிப்டுக்குப் போயிட்டார்.

நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். வாயில்லாத மனுஷன், ஆனா கை ஓங்காத மனுஷன். ஊரில் வாய் உள்ளவன் எல்லாம் அதை வச்சு என்ன சாதிச்சான்னு இருந்துட்டேன்.

ரிட்டயர் ஆனப்புறம்தான் வினை. மில் சங்கு ஊதினா இப்பவும் எந்திரிச்சு உட்காருவார். உட்கார்ந்து என்ன செய்ய? சுவரைப் பார்ப்பார். சுவரும் அவரைப் பார்க்கும். ரெண்டும் பேசாத ஜாதி, நல்ல ஜோடி.

எங்க வீட்டுப் பின்பக்கம் ஒரு கறிவேப்பிலை மரம் நிக்குது. நான் நட்டது. அதைப் பத்தி நானே சொல்லக் கூடாது, ஆனா எங்க தெருவில் எந்த வீட்டில் தாளிச்சாலும் என் மரத்து இலைதான் வெடிக்கும். எந்தப் பொம்பளையும் நேரா மரத்தில் கை வைக்க மாட்டா. "அக்கா, ரெண்டு ஈர்க்கு"ன்னு வாசலில் வந்து நிப்பா. நான் போய் ஒடிச்சுத் தருவேன். தர்ற நேரத்தில் நாலு வார்த்தை. யார் வீட்டில் என்ன, யார் மருமக எங்கே. பேப்பர் வாங்கினதே இல்லை நாங்க, தேவைப்பட்டதில்லை.

ஐப்பசி மழை விட்டதும் பார்த்தா, அந்த மரத்தில் இலைக்கு இலை காக்கா எச்சம். காக்காய்க்கு என்ன வந்ததுன்னு கிட்டப் போனா, எச்சம் நகருது. அத்தனையும் புழு, தாயி. பறவை தின்னக் கூடாதுன்னு பறவை எச்சம் மாதிரியே வேஷம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேட்காதே. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. அவர் பேசுறது அடுப்படி ஜன்னல் வழியாக் காதில் விழும், அவ்வளவுதான். காதை அடைச்சுக்கவா முடியும்?

நான்தான் அனுப்பினேன். அதைச் சொல்லித்தான் ஆகணும். "சும்மாதானே இருக்கீங்க, அந்தப் புழுவை எல்லாம் பொறுக்கிப் போடுங்க"ன்னு ஒரு சிரட்டையில் சோப்புத் தண்ணி ஊத்திக் கையில் கொடுத்தேன். போனவர் வரல. சோறு ஆறிப்போச்சு. எட்டிப் பார்த்தா சிரட்டை ஒரு பக்கம் கிடக்கு, இவர் மரத்துக்கு முன்னாடி வாளியைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கார். எச்சம் மாதிரி இருந்ததில் ஒண்ணு சட்டையை உரிச்சுப் பச்சையா மாறியிருக்கு. இவர் அதைத் தொட்டிருக்கார். தொட்ட உடனே தலையில் இருந்து சிவப்பா ரெண்டு கொம்பை நீட்டி, ஒரு வாடையும் விட்டிருக்கு. ஒரு விரல் அளவு பூச்சி. நம்ம ஆளு அசந்து போயிட்டார். இத்தனை வருஷம் மேஸ்திரி முன்னாடி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவரில்லையா, கொம்பு நீட்டுற ஜீவனைப் பார்த்ததும் மரியாதை வந்துருச்சு.

அன்னிக்கு ஆரம்பிச்சுது. காப்பி மரத்தடிக்கு. சோறு மரத்தடிக்கு. புழுக்களுக்குப் பேரு வேற. ஒண்ணு மேஸ்திரி, ஒண்ணு மானேஜர், ஒண்ணு யூனியன் செயலாளர். மேஸ்திரியைக் குளவி தூக்கிட்டுப் போச்சு. மானேஜரைக் கரிச்சான் குருவி கொத்திருச்சு. யூனியன்காரன் மட்டும் வயிறு நிறையத் தின்னுட்டு, கூடு கட்டி, ரெக்கை முளைச்சு, ஒரு வார்த்தை சொல்லாமப் பறந்துட்டான். நிஜ மில்லிலும் அப்படித்தான் நடந்ததுன்னு இவரே சொல்லிச் சிரிச்சார்.

ஆமா, சொல்லித்தான் சிரிச்சார். வாயால. அதுதான் எனக்குப் பொறுக்கல. அவருக்குக் குரல் இருக்கு, தாயி. புழுக்கிட்ட பேசுறார். "மெதுவா நகரு, அங்க எறும்பு நிக்கி. இந்தக் கொழுந்தைத் தின்னுட்டு அந்தக் கிளைக்குப் போ." இப்படி. நல்ல குரல்தான். கொஞ்சம் கரகரப்பு, அடியில் வெல்லப்பாகு மாதிரி. இத்தனை வருஷமா எங்கே ஒளிச்சு வச்சிருந்தாரோ. எனக்கு உப்பு ஜாஸ்தின்னு கை உதறின மனுஷன், புழுவுக்கு உப்பு உறைப்பு எல்லாம் விசாரிக்கிறார்.

யாருப்பா அது, மூட்டையைப் பார்த்து இறக்கக் கூடாதா? கண்ணு எங்கே இருக்கு உனக்கு? விளக்குமாறுன்னா இடிச்சுட்டுப் போகலாமா? இன்னொரு தடவை இது மேல பட்டுது, மூட்டையோட உன்னை இறக்கி விட்டுருவேன்.

...பாவம், வெங்காய மூட்டை, கனம் போல. இந்தாப்பா, முறுக்கு எடுத்துக்கோ. எடுத்துக்கோங்கிறேன். நீயும் எடுத்துக்கோ தாயி. தம்பி வீட்டுக்குன்னு சுட்டது, ஆனா அவன் பெண்டாட்டி எண்ணெய் கூடிருச்சும்பா.

எங்கே விட்டேன்? ஆங், கறிவேப்பிலை. சண்முகக்கனின்னு பக்கத்து வீட்டுக்காரி, ரசத்துக்கு ரெண்டு ஈர்க்கு கேட்டு வந்தா. நான் ஒடிக்கப் போனா, இவர் ரெண்டு கையையும் குறுக்கே ஆட்டுறார். மில்லில் அதுக்கு 'மிஷின் நின்னு போச்சு'ன்னு அர்த்தம். அந்தக் கிளையில் புழு குடியிருக்காம், ஒடிக்கக் கூடாதாம். சண்முகக்கனி வெறுங்கையோட போனா. மறுநாள் வேற ஒருத்தி. அதுக்கப்புறம் ஒருத்தியும் வரல. மார்க்கெட்டில் காய் வாங்கினா கொசுறாக் கொடுக்கிறான், இவகிட்ட எதுக்குப் போய் நிக்கணும்னு சண்முகக்கனி தெருக்குழாயில் சொன்னாளாம். தெருவில் யார் வீட்டில் என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரியாமப் போச்சு. ஒரு கல்யாணம் முடிவாகி, நிச்சயமும் முடிஞ்சு, எனக்குப் பிற்பாடு தெரிய வருது. நம்புவியா நீ?

சரி, அதையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது ஒண்ணு நடந்தது, கேளு.

ஒரு நாள் காலையில் இட்லி மாவு கரைச்சுக்கிட்டிருக்கேன். கை முழுக்க மாவு. பின்னாடி இருந்து ஒரு குரல், "ஆவுடை"ங்குது.

எனக்குக் கை அப்படியே நின்னு போச்சு. அவர் குரல்தான். அந்த வீட்டுக்குள்ள நான் கால் வச்ச நாளில் இருந்து கேட்காத வார்த்தை. திரும்பவும், "ஆவுடை, இங்க வா"ங்குது. மெதுவா. நெஞ்சு படபடன்னு அடிச்சது. அடுப்புப் பக்கத்தில் நின்ன சூடு, வேற ஒண்ணும் இல்லை. கையைக்கூடக் கழுவாம, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, வழியில் தலைமுடியையும் ஒதுக்கிக்கிட்டு, முடியெல்லாம் மாவு, ஓடிப்போய் நிக்கிறேன். "என்னங்க?"ன்னு கேட்டேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். திருட்டு மாடு அகப்பட்ட மாதிரி ஒரு முழி. அப்புறம் கையை நீட்டிக் காட்டினார். கிளையில் ஒரு பச்சைப் புழு. இருக்கிறதிலேயே கொழுத்தது. விரல் மேல ஏற்றிக்க அதைத்தான் கூப்பிட்டிருக்கார்.

சொல்லு தாயி. நீ படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே. உன் வீட்டுக்காரர் உன் பேரை ஒரு புழுவுக்கு வச்சா நீ என்ன செய்வே? சிரிக்கிறே. உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவர் போல, அதான் சிரிப்பு வருது.

நான் பேசாம உள்ளே வந்து இட்லி ஊத்தினேன். அன்னையில் இருந்து நானும் வாயைத் திறக்கல. அவர் கையைத் தட்டினா நானும் ஒரு தட்டு. சோறு தயார்னா விரலைக் குவிச்சுக் காட்டுவேன். இல்லைன்னா கையை விரிப்பேன். வீட்டுக்குள்ள ஈ பறந்தா சத்தம் கேட்கும். அவருக்கு எதுவும் வித்தியாசமாத் தெரிஞ்சிருக்காது, அவர் வாழ்ந்த மாதிரிதானே நான் வாழ ஆரம்பிச்சேன். ஆனா ரெண்டாம் நாளே அடுப்படி வாசலில் வந்து வந்து நின்னுட்டுப் போனார். பசி போல.

ஏன் அந்தப் பேருன்னு சண்முகக்கனி ஒரு நாள் மதில் மேல எட்டிப் பார்த்துக் கேட்டா. ஊரில் உள்ளவளுக்கு என்னவெல்லாம் தெரியணும் பாரு. இவர் அவகிட்ட விளக்கம் சொல்றார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். "தொட்டா கொம்பு நீட்டும். வாடை விடும். புதுசாப் பாக்கிறவன் பயந்துருவான். ஆனா ஒண்ணும் செய்யாது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தா அதுவே உள்ள இழுத்துக்கிட்டு, கையிலேயே ஏறி உக்காந்துக்கும்." அவ சிரிச்ச சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

இதில் எனக்கும் அதுக்கும் என்ன ஒத்துமை? நீயே சொல்லு. நான் யாரையாவது பார்த்துக் கொம்பை நீட்டியிருக்கேனா? அந்த மூட்டைக்காரனையே கேட்டுப் பார். ஏம்ப்பா, முறுக்கு எப்படி இருக்கு? பாரு, நல்லா இருக்குங்கிறான். இவ்வளவுதான் நான்.

அப்புறம் ஒரு நாள் ஓணான் வந்தது. நான் சாதம் வடிச்சுக்கிட்டிருந்தவ, ஜன்னலில் பார்த்தேன். தற்செயலாத்தான். அந்தப் பச்சைப் புழுவுக்கு நேராத் தலையை ஆட்டிக்கிட்டு நிக்குது. இந்த மனுஷன் சவரம் செய்யப் போயிருந்தார். கையில் இருந்த அகப்பையைத் தூக்கி எறிஞ்சேன். சரியா விழுந்தது. ஓணான் மதில் தாண்டி ஓடிருச்சு. புழுவைக் காப்பாத்தணும்னு இல்லை, எனக்கு ஓணானைக் கண்டாலே ஆகாது. அப்புறம் அவர் வர்ற வரைக்கும் அந்த வாளி மேல உட்கார்ந்திருந்தேன். அதுகூட, அகப்பை போனதில் சோறு குழைஞ்சு போச்சு, உள்ளே போய் என்ன செய்யன்னுதான். உட்கார்ந்ததுக்கு அதைப் பார்த்தேன். இலையை ஓரத்தில் இருந்து தின்னுது, பாய் முடையிறவன் கோரையை வரிசையா இழுக்கிற மாதிரி. சத்தம்கூடக் கேட்கும், நல்ல காது இருந்தா. எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டிருக்காது. மில் அவர் காதைத் தின்னுருச்சு.

கார்த்திகை தீபம் முடிஞ்சு ஒரு காலையில் புழுவைக் காணோம். மரம் முழுக்கத் தேடினார். மதிலைத் தேடினார். தண்ணித் தொட்டியைத் தேடினார். கரிச்சான் கொத்திருச்சுன்னு முடிவு கட்டி, வாளி மேல உட்கார்ந்தவர் எந்திரிக்கல. விரலைக் குவிச்சுக் காட்டினேன், தலையை ஆட்டிட்டார். புழு செத்துப் போச்சுன்னு பட்டினி கிடக்கிற மனுஷனை நீ பார்த்திருக்கியா? எங்க அம்மா செத்தப்போகூட இவர் பந்தியில் ரெண்டு தடவை ரசம் வாங்கினார்.

நான் பாட்டுக்கு வாசல் பெருக்கலாம்னு, மரத்தில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்தேன். எடுத்தவ அப்படியே வச்சுட்டேன். இது அதில் ஒட்டிக்கிட்டிருக்கு. அவ்வளவு பெரிய மரம், அவ்வளவு கிளை, போயும் போயும் என் விளக்குமாற்றில் வந்து கூடு கட்டியிருக்கு. பேரு வச்ச ராசி.

கையை ஒரு தட்டுத் தட்டினேன். திரும்பினார். விளக்குமாற்றைக் காட்டினேன். ஓடி வந்து குனிஞ்சு பார்த்தார். பார்த்துட்டு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப் போறார்னு நானும் நின்னேன். அப்புறம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

போ, அதோட முடிஞ்சதுன்னு உள்ளே வந்துட்டேன்.

அன்னையில் இருந்து விளக்குமாறு பூஜை அறையில் இருக்கிற சாமான் மாதிரி ஆயிருச்சு. தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது. வாசல் குப்பை அப்படியே கிடக்கு. மார்கழி பிறக்கப் போகுது, கோலம் போடணும். குப்பைக்கு மேலயா போடுவேன்? அதையும் கையால காட்டினேன், பெருக்கிற மாதிரி, கோலம் போடுற மாதிரி. தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டார்.

நேத்து சாயங்காலம் சட்டையை மாட்டிக்கிட்டுத் தன்னால மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். அந்த மனுஷன் கடைக்குப் போய் நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது பேப்பரில் சுத்தி ஏதோ கொண்டு வர்றார். நீளமா. எனக்கு முன்னாடி நீட்டினார். இத்தனை வருஷத்தில் எனக்குன்னு ஒரு முழம் பூ வாங்கி வந்தது கிடையாது, என்னவா இருக்கும்னு பிரிச்சேன்.

புது விளக்குமாறு.

கைப்பிடியில் சிவப்புக் கயிறு சுத்தி. நல்லாப் பார்த்துத்தான் வாங்கியிருக்கார். ஈர்க்கு எல்லாம் ஒரே கனம், இழுத்துக் கட்டின கட்டு. அதை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனா கேளு தாயி, புழுவுக்கு என் பேரு, எனக்கு விளக்குமாறு. இது எந்த ஊர் நியாயம்?

இன்னிக்குக் காலையில் பையில் நாலு சேலையை அடைச்சேன். இந்தப் பழைய விளக்குமாற்றைத் துணி சுத்திக் கையில் எடுத்தேன். "இது என் விளக்குமாறு, இது மேல இருக்கிறதுக்கும் என் பேருதான். ரெண்டையும் நான் கொண்டு போறேன். புதுசை வச்சு நீங்க பெருக்கிக்கோங்க"ன்னேன். அத்தனை நாளுக்கு அப்புறம் நான் வாயைத் திறந்து பேசினது அதுதான். வாசல் வரைக்கும் வந்தார். தடுப்பார்னு எதிர்பார்த்தேன்னு நினைக்காதே. ஏதாவது ஜாடையாவது காட்டுவார்னு பார்த்தேன். ரெண்டு கையும் சும்மா தொங்கிச்சு. கையாலகூடப் பேச வரல அந்த மனுஷனுக்கு. தெருமுனை திரும்பும்போது பார்த்தேன், அப்பவும் அப்படியே நிக்கிறார். புழு போகுதேன்னு.

இது எந்த ஊரு, வாசுதேவநல்லூர் தாண்டியாச்சா? சரி.

எனக்கு இப்பத்தான் ஒண்ணு உறைக்குது. தம்பி புது வீடு கட்டி ஆறு மாசம் ஆகல, நான் இன்னும் போய்ப் பார்க்கல. முதல் தடவையாப் போறேன், கையில் விளக்குமாற்றோட. அவன் பெண்டாட்டி பேச்சியம்மாவை உனக்குத் தெரியாது. "அக்கா பூ பழத்தோட வருவான்னு பாத்தேன், வீட்டைக் கூட்டித் தள்ள வந்திருக்கா"ன்னு தென்காசி முழுக்கச் சொல்லிருவா. உள்ளே புழு இருக்குன்னு சொன்னா இன்னும் மோசம். அவ வீட்டில் பல்லிக்கே இடம் கிடையாது. மருந்து அடிச்சே...

இரு. இதைக் கொஞ்சம் பார். துணியை எடு. காலையில் பழுப்பாத்தானே இருந்தது? நீ ஏறினப்போ காட்டினேனே, பழுப்பாத்தானே இருந்தது? இப்போ கறுத்திருக்கு பார். வெயிலா, நிழலா? இந்தப் பக்கம் திருப்பு. உள்ளே வெள்ளையாப் புள்ளி புள்ளியாத் தெரியுதே. அது ரெக்கை, தாயி. தோலுக்குள்ள மடிச்சு வச்ச ரெக்கை. கறுத்துப் புள்ளி தெரிஞ்சா மறுநாள் காலையில் வெளியே வந்துரும். யூனியன்காரன் அப்படித்தான் வந்தான். வெளியே வந்ததும் ரெக்கை ஈரமாச் சுருங்கிக் கிடக்கும், தொங்கிக்கிட்டே காயணும், காயிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. பஸ்ஸுக்குள்ள இந்தக் காத்தில், இந்த மூட்டைக்கு நடுவில்...

போன் அடிக்குது. இந்தச் சுருக்குப்பையில் எங்கே கிடக்கோ. இதைப் பிடி, நிமிர்த்திப் பிடி. ஆங், சண்முகக்கனி நம்பர்தான், கடைசி ரெண்டும் எட்டு. எதுக்கு இப்போ அவ... ஹலோ.

...

யாரு?

...

கேக்குது. கத்தாதீங்க, பஸ்ஸே திரும்பிப் பாக்குது.

...

இல்ல. முறுக்குத் தின்னேன்.

...

ம்.

...

ம். சரி. வைங்க.

வச்சுட்டார். கேட்டியா தாயி? கேட்காம எப்படி இருக்கும், முன்னாடி டிரைவருக்கே கேட்டிருக்கும். மிஷினுக்கு மேல கத்துற மாதிரி கத்துறார். "ஆவுடை, சாப்பிட்டியா?"ங்கிறார். சண்முகக்கனி வீட்டுக்குப் போய், அவகிட்ட வாயைத் திறந்து போன் கேட்டு வாங்கி, அவளை வச்சே நம்பரைப் போடச் சொல்லி, அவ பக்கத்தில் நிக்கும்போதே, என் பேரைச் சொல்லி. பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் என் பேரு தெரிஞ்சு போச்சு. "ஆவுடை, வாசல் பெருக்கிட்டேன்"ங்கிறார். "ஆவுடை, எப்ப வருவே?"ங்கிறார். மூணு தடவை.

சரி, அதை விடு. நீ ஒண்ணைக் கவனிச்சியா? இதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டாரா? புழு எப்படி இருக்கு, கறுத்துருச்சா, நூல் அறுந்துருச்சா, ஒரு வார்த்தை? ஐப்பசியில் இருந்து பிள்ளை மாதிரி வளர்த்துட்டு, ரெக்கை முளைக்கிற நேரத்தில் அது நினைப்பே இல்லை அந்த மனுஷனுக்கு. சாப்பிட்டியாவாம், எப்ப வருவியாம். என்ன ஜென்மம் பாரு. வாயில்லா ஜீவனை நம்ப வச்சுக் கைவிடுறதுன்னா இதுதான். இதை நான் சும்மா விடுறதா இல்லை. நேரில் போய் நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு ஆறும்.

அது என்ன, புளியங்குடியா வருது? எதிர்ப்பக்கம் ராஜபாளையம் பஸ் நிக்கும் இல்லையா? அந்தப் பையை எடுத்துக் கொடு தாயி. இல்லை, இதை நானே பிடிச்சுக்கிறேன். முறுக்கை நீ வச்சுக்கோ, பேச்சியம்மாவுக்குக் கொடுத்து வைக்கல. ஏம்ப்பா மூட்டை, கொஞ்சம் காலை மடக்கு. மெதுவா, மெதுவா, யாரும் இடிக்காதீங்க.

கண்டக்டர் தம்பி, விசில் அடிப்பா. ரெண்டு பேரு இறங்கணும்.